பிரேக் பேட் மாற்ற 12,300 ரூபாயா?

கேள்வி: நாமக்கல்லில் ஆசிரியையாக இருக்கிறேன். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார், 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறை கொல்லிமலைக்குப் போய் வருவோம். ஒரு மாதமாக லேசாக பிரேக் பிடித்தாலே முன்பக்கம் 'கீச்' என்று சத்தம் வருகிறது. ஸ்டியரிங்கில் நடுக்கம் எதுவும் இல்லை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டியபோது முன் பேட் 2,450, டிஸ்க் இரண்டு 5,200, காலிப்பர் சர்வீஸ் 1,400, பிரேக் கிளீனிங் 1,100, பிரேக் ஆயில் 950, லேபர் 1,200, மொத்தம் 12,300 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். தெரு முனை மெக்கானிக்கோ, "இடது பக்க பேட் மட்டும்தான் தேய்ந்திருக்கு, அதை மட்டும் மாத்திக்கலாம், 900 ரூபாய் போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். 12,300 ரூபாயில் பெரும்பகுதிக்கு ஆதாரம் காட்டப்படவில்லை. 900 ரூபாய் வேலையோ ஆபத்தானது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடியக்கூடிய வேலை.

முதலில் அந்தச் சத்தம். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; பிரேக் மிதித்தால் அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேட். பல பேடுகளில் ஓரமாகச் சின்னத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து தேய்ந்து கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்கில் உரசிக் கத்தும். மழை பெய்த மறுநாள் காலையில் வருகிற சத்தம் வேறு. அது டிஸ்க் மேல் படிந்த மெல்லிய துரு, நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். உங்களுக்கு ஒரு மாதமாக விடாமல் வருகிறது, வண்டியும் மலை ஏறி இறங்குகிறது. 46,000 கி.மீ. வரை அந்த பேட் தாங்கியதே நல்ல ஓட்டம்தான். பேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஆனாலும் கழற்றி அளந்து காட்டச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், உரசும் பொருளை மட்டும் அளக்க வேண்டும். புதிதில் ஏறத்தாழ 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

மெக்கானிக் சொன்ன 'ஒரு பக்கம் மட்டும்' என்ற யோசனையை மறந்துவிடுங்கள். பேட் என்பது முன் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து நான்கு துண்டு, ஒரே செட். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் அவசரமாக பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தச் சோதனை வேண்டாம். ஆனால் அவர் தன்னை அறியாமலேயே ஒரு நல்ல தடயத்தைக் கொடுத்திருக்கிறார். இடது பக்கம் மட்டும் ஏன் அதிகம் தேய்ந்தது? பேடுகளைத் தாங்கி டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்தான் காலிப்பர். அது முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின்கள் (சிறு இரும்புத் தண்டுகள்) உண்டு. அதில் கிரீஸ் காய்ந்து இறுகிப்போனால், பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்கை விட்டு விலகாது. ஓடும்போதெல்லாம் தேய்ந்துகொண்டே இருக்கும். கழற்றும்போது ஒரே சக்கரத்தின் உள் பேடும் வெளி பேடும் வெவ்வேறு கனத்தில் இருந்தால் அந்தப் பின்னைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

இங்கேதான் எஸ்டிமேட்டில் உள்ள 'காலிப்பர் சர்வீஸ் 1,400' வருகிறது. பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸைத் தடவுவது பேட் மாற்றும் வேலையிலேயே அடங்கும். சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைத் திறந்தால்தானே பேடையே எடுக்க முடியும்? உண்மையான காலிப்பர் சர்வீஸ் என்றால் பேடைத் தள்ளும் பிஸ்டனை வெளியே எடுத்து ரப்பர் சீல் கிட் மாற்றுவார்கள். ஆயில் கசிந்தாலோ, பிஸ்டன் சிக்கினாலோதான் அது தேவை. உங்கள் எஸ்டிமேட்டில் சீல் கிட் என்று ஒரு வரி இல்லை. அப்படியானால் கிரீஸ் தடவத்தான் 1,400 கேட்கிறார்கள். 'பிரேக் கிளீனிங்'கும் முன் சக்கரங்களுக்கு மட்டும் என்றால் அதே கதைதான். வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ போன்ற கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் டிரம்மைக் கழற்றித் தூசி எடுத்து, உள்ளே உரசும் பிரேக் ஷூவைப் பார்த்து, ஹேண்ட் பிரேக்கைச் சரி செய்து தருவதானால் அது தனி வேலை. அதற்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை.

இனி டிஸ்குக்கான 5,200 ரூபாய். உங்கள் எஸ்டிமேட்டில் மிகப் பெரிய தொகை இதுதான், நான் விடாமல் கேள்வி கேட்பதும் இதைத்தான். பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் மாற்ற வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. டிஸ்கிலேயே 'MIN' (குறைந்தபட்சம்) என்ற ஆங்கில எழுத்துகளோடு ஓர் எண் பொறித்திருக்கும். அதற்குக் கீழே கனம் போகக் கூடாது. மைக்ரோமீட்டர் வைத்து நாலைந்து இடத்தில் அளந்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். அந்த எண்ணை விடக் குறைந்திருந்தாலோ, விரிசல் கண்டாலோ, நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கோடுகள் விழுந்திருந்தாலோ மாற்றுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குவதும் டிஸ்க் கெட்டதற்கு ஓர் அடையாளம். உங்களுக்கு அது இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "எத்தனை மில்லிமீட்டர் இருக்கு, எத்தனை இருக்கணும்?" என்று கேளுங்கள். இரண்டு எண்களையும் எழுதிக் கொடுக்க மறுத்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிடுங்கள். அதே சமயம், அளவு உண்மையாகவே குறைந்திருந்தால் 5,200 ரூபாயைப் பார்த்துத் தயங்காதீர்கள். இரண்டு டிஸ்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

பேடுக்கு 2,450 நியாயமான விலைதான். இந்த ரகக் கார்களுக்கு கம்பெனி பேட் செட் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ரூபாய் வரை இருக்கும். டப்பாவில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் வரியும் அடக்கம். பில்லில் விலையும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் வரி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதத்தில் யாராவது கணக்குப் போட்டால் சுட்டிக் காட்டுங்கள். கம்பெனி பேட்தான் வேண்டும் என்றும் இல்லை. சென்னை பாடியில் 1962 முதல் இயங்கும் பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கு பிரேக் உறுப்புகள் கொடுப்பவர்கள்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் அவர்கள் பொருள் கிடைக்கும். பில்லோடு வாங்குங்கள். பெயரில்லாத டப்பாவில் வரும் மலிவு பேட் மட்டும் வேண்டாம். மலை இறக்கத்தில் சூடேறும்போதுதான் அதன் தரம் தெரியும்.

பிரேக் ஆயிலுக்கான 950 ரூபாயைக் குறைக்கப் பார்க்காதீர்கள். 2018-லிருந்து மாற்றவே இல்லை என்றால், எனக்கு பேடை விட அதுதான் கவலை. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடியே மலை இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கம். டாட் 3-ஆ, டாட் 4-ஆ என்பது வண்டியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பழைய டிரைவர்கள் சொன்ன இந்தப் பாடம் பேடுக்கும் ஆயுளைக் கூட்டும்.

ஆக, பேட் 2,450, ஆயில் 950, லேபர் 800 முதல் 1,000, பின் டிரம் கிளீனிங் 500 என்று பேசிப் பாருங்கள். கழற்றிய பழைய பேட் நான்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியை எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே பெடலை ஏழெட்டுத் தடவை மிதித்து, அது கெட்டியாகிறதா என்று பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் புது பேட் போடுவார்கள், அதனால் முதல் மிதிக்கு பிரேக் பிடிக்காமல் போகலாம். முதல் 300 கி.மீ.க்கு, தவிர்க்க முடியாத அவசரம் தவிர, சட்டென்று அழுத்தி மிதிக்காமல் நிதானமாக பிரேக் பிடியுங்கள். பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படிய அந்த ஓட்டம் தேவை. அதுவரை கொல்லிமலைப் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.