கடலோர எஸ்யூவிக்கு விண்டர் டயர் போடலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓடும் எஸ்யூவிக்கு 215/60 ஆர்16 அளவு விண்டர் டயர் செட் மலிவாக வருகிறது. வாங்கலாமா? காற்று இறங்கும் அலாய் ரிம்மையும் மாற்றலாமா?

டயர் வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கச் செய்த மென்மையான ரப்பர் அது. நம்மூர் சித்திரை வெயிலில் சீக்கிரம் தேயும். பிரேக் போட்டாலும் தள்ளிப்போய்த்தான் நிற்கும். ஐப்பசி மழைக்குச் சாதாரண டயரே போதும், பட்டன் (டயர் வரிப்பள்ளத்தின் ஆழம்) 3 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் சரி. டயரின் பக்கவாட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள்: 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரம். மலிவுச் சரக்கின் குட்டு பெரும்பாலும் இங்கேதான் உடையும்.

ரிம்மில்தான் உப்புக்காற்று வேலையைக் காட்டும். டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்து, அந்த இடுக்கு வழியே காற்று கசியும். பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கினால் குமிழி டயரில் வராது, விளிம்பைச் சுற்றி வரும். கம்பி பிரஷால் தேய்த்து, பீட் சீலர் (விளிம்பு இடுக்கை அடைக்கும் பசை) தடவி மாட்டச் சொல்லுங்கள். புது ரிம் செலவு மிச்சம்.

ரிம்மில் விரிசல் இருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஸ்டீல் ரிம் விலை குறைவு, பள்ளத்தில் விழுந்தால் பெரும்பாலும் வளையும், உடையாது. ஆனால் துரு பிடிக்கும். பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் அளவு), நடுத்துளை மூன்றும் பொருந்த வேண்டும். அலாய் நட்டு ஸ்டீலில் சரியாக உட்காராமல் போகலாம், கவனம். தனுஷ்கோடி போய்வந்தால் சக்கரத்தின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.