இராக் போருக்கு ஆன செலவு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் நம் வாசகர் வட்டத்தில், 2003-ல் அமெரிக்கா படையெடுத்துத் தொடங்கிய இராக் போர் பற்றிப் பேச்சு வந்தபோது, எவ்வளவு செலவானது, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் ஆளுக்கொரு எண் சொன்னோம். கணக்குத் தணிக்கையில் பல வருடம் இருந்தவள் நான். இந்தப் போர் பற்றிய தணிக்கை அறிக்கைகளை அவை வெளிவந்த காலத்திலிருந்தே படித்து வருகிறேன். அதனால்தான் சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொன்னேன். நிறையவே வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கவிதா, செங்காங்: அக்கா, சுற்றி வளைக்காமல் ஒரே எண் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு எவ்வளவு செலவு?

815 பில்லியன் அமெரிக்க டாலர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 2014 கடைசியில் கொடுத்த கணக்கு இது. நம் காசில் ஒரு டிரில்லியன் வெள்ளிக்கு மேல், அதாவது சிங்கப்பூர் அரசாங்கம் இப்போது பள்ளிக்கூடம், மருத்துவமனை, தற்காப்பு, வீடு, சாலை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவழிக்கிற மாதிரி ஏறக்குறைய எட்டு வருடச் செலவு.

ஆனால் தயவுசெய்து அந்த எண்ணோடு நிற்காதீர்கள். அது போருக்கென்று ஒதுக்கிய பணம் மட்டுமே. வாங்கிய கடனுக்கு வட்டி, கை கால் இழந்து திரும்பிய வீரர்களுக்கு இனி ஆயுள் முழுக்க ஆகப்போகிற சிகிச்சையும் உதவித்தொகையும், இதெல்லாம் அதில் இல்லை. அவற்றில் அதுவரை ஆனதைச் சேர்த்து, பின்னாளில் நடந்த சிரியாப் போரையும் சேர்த்து, பிரௌன் பல்கலைக்கழகக் குழு 2023-ல் போட்ட கணக்கு 1.79 டிரில்லியன் டாலர். 2050 வரை முன்னாள் வீரர்களுக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்தால் 2.89 டிரில்லியன். பொருளாதார அறிஞர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும் 2008-லேயே 3 டிரில்லியன் என்று சொன்னபோது பலர் அதை மிகை என்று ஒதுக்கினார்கள்.

போருக்கு முன்னால் மக்களிடம் என்ன சொன்னார்கள் என்பதையும் பாருங்கள். வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002 செப்டம்பரில் 100 முதல் 200 பில்லியன் ஆகலாம் என்றார். அது மிக அதிகம் என்று அவருடைய அரசாங்கமே மறுத்து 50, 60 பில்லியன் என்றது, அந்த வருடம் முடிவதற்குள் அவர் பதவியிலும் இல்லை. 2003 மார்ச்சில், படை உள்ளே போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, தற்காப்புத் துணை அமைச்சர் பால் வூல்ஃபோவிட்ஸ் இராக்கின் எண்ணெய் வருமானமே அந்த நாட்டைத் திரும்பக் கட்டிவிடும் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்.

தமிழரசன், உட்லண்ட்ஸ்: அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? வரியை ஏற்றினார்களா?

ஏற்றவில்லை, குறைத்தார்கள். 2001-ல் ஒரு வரிக்குறைப்பு. 2003 மே மாதம், படைகள் பாக்தாத்தில் இருக்கும்போதே இன்னொன்று. போர்ப் பணத்தை வழக்கமான வரவுசெலவுத் திட்டத்தில் வைக்காமல் வருடக்கணக்கில் 'அவசர ஒதுக்கீடு' என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கினார்கள். அப்படிக் கேட்கும்போது மொத்தத் தொகை யார் கண்ணிலும் ஒரே நேரத்தில் படாது. என் தொழிலில் ஒரு நிறுவனம் இப்படிச் செய்தால் முதல் வேலையாக அதைத்தான் கேட்டிருப்போம்.

கடன் வாங்கி நடத்திய போருக்கு இனிமேல் பிறக்கிற பிள்ளைகள்தான் பணம் கட்டுவார்கள். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். ஐரீன் டிரிப்லெட் என்று பெயர். அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர், முதிய வயதில் இவரைப் பெற்றார். அந்தப் போர் 1865-ல் முடிந்தது. ஐரீனுக்கு மாதம் 73 டாலர் 13 காசு அரசாங்க உதவித்தொகை வந்துகொண்டே இருந்தது, 2020-ல் அவர் காலமாகும் வரை. 2050 என்று கணக்குப் போடுவது மிகை இல்லை என்று இப்போது புரியும்.

மாணவர், தொடக்கக்கல்லூரி: ஆன்ட்டி, கட்டுரைக்காகத் தேடினேன். ஓரிடத்தில் 151,000 பேர் இறந்தார்கள் என்கிறார்கள், இன்னோரிடத்தில் 655,000. எதை எழுதுவது?

நல்ல கேள்வி, தம்பி. எதை எழுதினாலும் அது எப்படி எண்ணப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் வழி, செய்தியிலும் பிணவறைக் குறிப்பிலும் பதிவான சாவுகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. 'இராக் பாடி கவுன்ட்' குழு செய்வது அதுதான். அவர்கள் கணக்கில் பொதுமக்கள் மட்டும் சுமார் 2 லட்சம். யாரும் பதிவு செய்யாமல் புதைத்துவிட்ட சாவு அதில் வராது, ஆகவே இதற்குக் குறையாது என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாவது வழி, வீடு வீடாகப் போய் உங்கள் குடும்பத்தில் யார் இறந்தார்கள் என்று கேட்டு, அதை வைத்து நாடு முழுவதற்கும் மதிப்பிடுவது. 2006-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுக்காக இராக்கிய மருத்துவர்கள் 1,849 வீடுகளுக்குப் போனார்கள். சாலையில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. இறப்புச் சான்றிதழ் கேட்ட வீடுகளில் பத்துக்கு ஒன்பது வீட்டுக்காரர்கள் உள்ளே போய் எடுத்து வந்து காட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து வந்த மதிப்பீடுதான் 655,000, அதாவது போர் இல்லாவிட்டால் இறந்திருக்க மாட்டார்கள் என்று கருதப்படுகிறவர்கள். இராக் சுகாதார அமைச்சும் உலகச் சுகாதார நிறுவனமும் 9,345 வீடுகளில் நடத்திய ஆய்வு 2008-ல் வந்தது. 2006 ஜூன் வரை வன்முறையால் மட்டும் 151,000 பேர் என்றது அது. ஒன்று எல்லாச் சாவும், மற்றது வன்முறைச் சாவு மட்டும், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது சரியில்லை. லான்செட் எண்ணிலேயே 6 லட்சம் வன்முறைச் சாவுதான், ஆகவே இரண்டும் நிஜமாகவே முரண்படுகின்றன. லான்செட் ஆய்வில் வீடுகளைத் தேர்ந்தெடுத்த முறை பற்றிக் கடுமையான விமர்சனங்களும் உண்டு.

நான் அதிகம் நம்புவது 2013-ல் வெளிவந்த ஆய்வை. 2003 முதல் 2011 வரை சுமார் அரை மில்லியன் பேர் கூடுதலாக இறந்தார்கள், அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் நேரடி வன்முறை என்றது. மீதிப் பேர் குண்டில் சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை, போனாலும் மருத்துவர் நாட்டை விட்டுப் போயிருப்பார், குடிதண்ணீர் கெட்டுக் கிடக்கும்.

அப்புறம், எண்ணைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தரப்பில் இறந்த 4,400-க்கும் மேற்பட்ட வீரர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, சொந்த ஊர், இறந்த தேதி எல்லாம் பதிவாகியிருக்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். லான்செட் ஆய்வைத் திறந்து பாருங்கள், குறைந்தபட்சம் 393,000, அதிகபட்சம் 943,000 என்று போட்டிருக்கும். நடுவில் ஐந்தரை லட்சம் பேர். செத்தார்களா இல்லையா என்றே உறுதியாகத் தெரியாத ஐந்தரை லட்சம் மனிதர்கள். படையெடுத்துப் போன அரசாங்கங்கள் ஆரம்பத்திலிருந்தே எண்ணியிருந்தால் இந்த ஆய்வாளர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கதவு தட்ட வேண்டிய அவசியமே வந்திருக்காது. அந்த அரசாங்கங்கள் எண்ண விரும்பவில்லை.

பெயர் வேண்டாம், பிடோக்: அமெரிக்க வீரர்கள் மேலும் பரிதாபப்பட வேண்டாமா?

கட்டாயம் படவேண்டும். காயம்பட்டவர்கள் மட்டும் ஏறக்குறைய 32,000 பேர். 2001-க்குப் பிந்தைய எல்லாப் போர்களையும் சேர்த்து 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. போர் நடவடிக்கைகளில் இறந்தவர்கள் 7,057, தற்கொலை செய்துகொண்ட வீரர்களும் முன்னாள் வீரர்களும் 30,177 என்று மதிப்பிட்டது. இராக்கில் பாலாட் என்ற அமெரிக்க ராணுவத் தளத்தில் பிளாஸ்டிக், ரசாயனம், மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் பெரிய குழியில் கொட்டி எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு வந்த நோய்களைப் போரால் வந்ததாக ஏற்றுக்கொள்ள 2022-ல்தான் சட்டம் வந்தது. அந்தப் புகை காற்றில் போய்ச் சேர்ந்த கிராமங்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

சுப்பையா, அங் மோ கியோ: விமானத்தில் ரொக்கமாகப் பணம் கொண்டுபோனார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் ஐயா. 2003 மே முதல் 2004 ஜூன் வரை கிட்டத்தட்ட 12 பில்லியன் டாலர் ரொக்கம் நியூயார்க்கிலிருந்து பாக்தாத்துக்குப் போனது. தொகையில் பெரும்பகுதி 100 டாலர் நோட்டு. பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பலகைமேல் அடுக்கி, சி-130 ராணுவச் சரக்கு விமானத்தில். எடை 363 டன் என்று 2007-ல் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது.

அது அமெரிக்கப் பணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, இராக்கின் எண்ணெய் வருமானமும் முடக்கிவைத்திருந்த இராக்கியச் சொத்தும்தான் பெரும்பகுதி. இன்னொருவர் பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் இரண்டு மடங்கு ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. 2005 ஜனவரியில் வந்த தணிக்கை, அப்போது இராக்கை ஆண்ட, பால் பிரெமர் தலைமையிலான அமெரிக்க நிர்வாகம் இராக்கிய அமைச்சுகளுக்குக் கொடுத்த 8.8 பில்லியன் டாலர் ஒழுங்காகச் செலவானது என்பதற்குப் போதிய கட்டுப்பாடே வைத்திருக்கவில்லை என்றது. அந்தப் பணம் முழுவதும் திருடுபோனது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எங்கே போனது என்று காட்ட முடியவில்லை. சம்பளப் பட்டியலில் இல்லாத ஆட்களின் பெயர்கள் இருந்தன, கேட்டதற்குப் போர்க்காலம் என்று பதில்.

ஸ்டூவர்ட் போவன் என்ற தலைமைக் கண்காணிப்பாளர் ஒன்பது வருடம் இதையெல்லாம் துருவிப் பார்த்தார். மறுசீரமைப்புக்குச் செலவான 60 பில்லியனில் குறைந்தது 8 பில்லியன் வீண் என்பது அவர் குழுவின் முடிவு. ஃபலூஜா நகரக் கழிவுநீர்த் திட்டம் போட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு விழுங்கியும், நினைத்த வீடுகளில் ஒரு பகுதிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கான் பானி சாத் என்ற இடத்தில் 40 மில்லியன் டாலர் செலவழித்து ஒரு சிறைச்சாலை பாதி கட்டிப் பாலைவனத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ராஜன், புக்கிட் பாத்தோக்: சதாம் உசேன் நல்லவர் என்கிறீர்களா?

இல்லை. 1988-ல் இராக்கின் ஹலப்ஜா ஊரில் விஷவாயு அடித்துச் சுமார் 5,000 குர்தியரைக் கொன்ற ஆட்சி அது. ஆனால் 2003-ல் சொன்ன காரணம் அதுவல்ல, பேரழிவு ஆயுதம். அது கிடைக்கவில்லை என்று அமெரிக்கா அனுப்பிய குழுவே 2004-ல் எழுதிக்கொடுத்தது. வேறு வழிகள் எல்லாம் தீர்ந்து போவதற்கு முன்பே பிரிட்டன் போருக்குப் போனது என்று 2016-ல் பிரிட்டன் அரசாங்கமே அமைத்த சில்காட் விசாரணை சொன்னது. கொடுங்கோலன் போனான் என்பதற்காக அரை மில்லியன் சாவை நான் வரவில் வைக்க முடியாது.

தேசிய சேவையாளர், தெம்பனிஸ்: நாமும் போனோமா? பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

போனோம், சண்டைக்கு அல்ல. சிங்கப்பூர் அந்தப் போரை ஆதரித்த நாடுகளின் பட்டியலில் இருந்தது. 2003 முதல் 2008 வரை நம் ஆயுதப் படை தரையிறக்கக் கப்பல்களையும், சி-130 விமானத்தையும், நடுவானில் எரிபொருள் நிரப்பும் விமானங்களையும் வளைகுடாவுக்கு அனுப்பியது. மொத்தம் ஆயிரம் பேர் அளவில் போய்வந்தார்கள். போன ஒருவரோடு பேசக் கிடைத்தால் பேசுங்கள். நம் அரசாங்கம் ஆதரித்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரியில்லை என்பேன். சின்ன நாட்டுக்கு அனைத்துலகச் சட்டம்தான் பாதுகாப்பு. ஐநா மன்றத்தின் அனுமதி இல்லாமல் நடந்த படையெடுப்பு அந்தப் பாதுகாப்பைத்தான் உடைத்தது. 2004-ல் அப்போதைய ஐநா தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் அது சட்டவிரோதம் என்றார். எதிர்க்கருத்து உள்ளவர்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசட்டும்.

மோகன், ஜூரோங்: எல்லாம் எண்ணெய்க்காகத்தானே?

எண்ணெய்க்கு அதில் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2009 ஏலத்தில் பெரிய வயல்கள் போனது பிரிட்டனின் பிபி, சீன நிறுவனம், ரஷ்யாவின் லுக்காயில், பக்கத்து வீட்டு மலேசியாவின் பெட்ரோனாஸ் என்று பல நாட்டுக்கு. ருமைலா என்ற வயலில் எண்ணெய் எடுத்துக்கொடுக்க நிறுவனங்களுக்குப் பீப்பாய்க்கு 2 டாலர்தான் கட்டணம். நிச்சயமாகச் சம்பாதித்தவர்கள் ராணுவத்துக்குச் சாப்பாடு, எரிபொருள், பாதுகாப்பு கொடுத்த குத்தகை நிறுவனங்கள்தான்.

லதா, லிட்டில் இந்தியா: என் தம்பியை வளைகுடாவில் ஒரு ராணுவத் தளத்தில் சமையல் வேலைக்கு ஏஜெண்ட் கூப்பிடுகிறார். இராக்கில் நம் ஆட்களுக்கு என்ன ஆனது என்று சொல்ல முடியுமா?

இதற்குத்தான் நேரம் எடுத்து எழுதுகிறேன், லதா. 2008 வாக்கில் இராக்கில் அமெரிக்க வீரர்கள் எத்தனை பேரோ ஏறக்குறைய அத்தனை குத்தகைத் தொழிலாளர்கள். சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், லாரி ஓட்டியவர்களில் பலர் இந்தியர், நேப்பாளி, பிலிப்பினோ, வங்காளதேசிகள். வீரர்களின் இறப்புப் பட்டியலில் இவர்கள் பெயர் வராது. 2004 ஆகஸ்ட்டில் 12 நேப்பாள இளைஞர்களைக் கடத்திக் கொன்றார்கள். ஜோர்தானில் ஹோட்டல் வேலை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவர்களை இராக்குக்கு அனுப்பினார்கள், ஏஜெண்டுக்குக் கொடுக்க வீட்டார் கடன் வாங்கியிருந்தார்கள். 2014 ஜூனில் மோசுலில் 40 இந்தியத் தொழிலாளர்களை ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு கடத்தியது, ஒருவர் தப்பினார். மற்ற 39 பேரும் இறந்துவிட்டார்கள் என்று குடும்பங்களுக்கு உறுதியானது 2018 மார்ச்சில்தான்.

தம்பி போவதென்றே முடிவு செய்தால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்க ராணுவக் குத்தகையில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கும் காப்புறுதி கட்டாயம் என்று ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கிறது, துணைக் குத்தகைக்காரரிடம் வேலை செய்தாலும் பொருந்தும். அந்த நேப்பாளக் குடும்பங்கள் பின்னாளில் இழப்பீடு கேட்டது இந்தச் சட்டத்தின் கீழ்தான். காயம் பட்டால் 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் கோரிக்கை பதிய வேண்டும். கையெழுத்துப் போடுமுன் எந்த நாட்டில், எந்தத் தளத்தில் வேலை, மேல் குத்தகைக்காரர் யார், காப்புறுதி நிறுவனம் எது என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பட்டும், கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். ஏஜெண்ட் எழுதித்தர மறுத்தால் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.