சக ஊழியர், கூட்டாளி, பங்காளி: எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்களைக் குறிக்கும் சக ஊழியர், கூட்டாளி, தோழர், பங்காளி ஆகிய சொற்களில் எதை எங்கே சொல்வது என்று குழம்புகிறார். எல்லாம் ஒன்றில்லை. பங்காளி என்ற சொல்லால் நானே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காரைக்குடியில் பழைய வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் தொழில். சாரத்தின் மேல் கொத்தனார் நிற்பார். கலவையைக் குழைத்துக் கனமானதைத் தூக்குபவர் நிமிந்தாள், சட்டி சுமப்பவர் சித்தாள், எல்லாரையும் மேய்ப்பவர் மேஸ்திரி. மேலிருந்து “கலவை!” என்று ஒரு சத்தம் வந்தால் போதும், அடுத்த நிமிஷம் சட்டி கைமாறி மேலே போய்விடும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சுவரில்தான் அத்தனை பேருக்கும் வேலை. ஆனால் யாரும் யாரையும் ‘சக தொழிலாளி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘எங்க செட்டு’ என்பார்கள். “நாளைக்கு வரமாட்டோம் சார், எங்க செட்டுல ஒரு வீட்டுல காதுகுத்து” என்றால் நாலு பேரும் வரமாட்டார்கள் என்று அர்த்தம். அதே வீட்டில் கதவைச் செதுக்கிக்கொண்டிருக்கும் ஆசாரி அந்தச் செட்டில் சேர்த்தி இல்லை. கல்யாணச் சமையல்காரர்களிடமும் இதே சொல்தான். அகராதிக்காரர்கள் எப்படி மதிப்பார்களோ தெரியாது, என்னைக் கேட்டால் கூட வேலை பார்ப்பவருக்கு இன்று தமிழில் உயிரோடு இருக்கிற சொல் இந்தச் செட்டுதான்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பதினாலு வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர். கடல் தாண்டித் தொழில் செய்யப் போவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே செட்டியார்களின் வட்டிக்கடைகளில் ஆளுக்கு ஒரு படி. ஊரில் இருக்கும் முதலாளிக்காகக் கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு உதவி அடுத்தாள். பெட்டியருகே உட்கார்ந்து எடுபிடி வேலை செய்தபடி கணக்குப் பழகுபவன் பெட்டியடிப் பையன். ஐயா பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாக இருந்தபோது 1942-இல் ஜப்பான்காரன் வந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அந்தப் பேர்களைப் பாருங்கள். ‘கூட இருப்பவர்’ என்கிற அர்த்தம் ஒன்றிலும் கிடையாது. மேலே யார், அடுத்து யார், பெட்டிக்குப் பக்கத்தில் யார் என்று உட்காரும் இடமே பேராகிவிட்டது. கிட்டங்கி என்கிற நீளக் கூடத்தில் பல விலாசக்காரர்களின் பெட்டிகள் வரிசையாக இருக்கும். விலாசம் என்றால் கடையின் பேர். ராத்திரி படுப்பதும் அங்கேயே. பக்கத்து விலாசத்து அடுத்தாளோடு வருஷக்கணக்கில் ஒன்றாகச் சாப்பிட்டவர் ஐயா. ஆனாலும் கடைசி வரை அவரைப் ‘பக்கத்துப் பெட்டிக்காரர்’ என்றே சொல்லுவார். விலாசம் வேறு, அவ்வளவுதான்.

இனி மற்ற சொற்கள். ‘சக ஊழியர்’ எழுத்தில் இருக்கும் சொல். பிரிவு உபசார விழாவிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் பார்க்கலாம், டீக்கடையில் கேட்க முடியாது. அங்கே “கூட வேலை பாக்குறவரு” அல்லது “கொலீக்”. சக பணியாளர் என்றாலும் அதேதான். ‘தோழர்’ என்றால் இயக்கமும் சங்கமும் பின்னாலேயே வந்துவிடும். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா ஆசிரமம் நடத்திய சிராவயல் எங்களுக்குப் பக்கத்து ஊர், அதனால் இந்தச் சொல் இங்கே புதிதில்லை. ஆனால் மேனேஜரைத் தோழர் என்று கூப்பிட்டால் சம்பள உயர்வு கேட்க வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார். ‘கையாள்’ வேலையிடத்தில் உதவிக்கு நிற்பவர், செய்தித்தாளில் அடியாள். ‘கூட்டாளி’க்கும் அதே கதி, “திருடனும் கூட்டாளிகளும் கைது” என்று போட்டுப் போட்டு நம் ஊரில் அதைக் கெடுத்துவிட்டார்கள். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்களோ நல்ல சிநேகிதரைத்தான் “என் கூட்டாளி” என்கிறார்கள்.

சரி, பங்காளி. கடன் உள்ளவர் கடனாளி, முதல் உள்ளவர் முதலாளி என்றால், பங்கு உள்ளவர் பங்காளி. இலக்கணப்படி அது பார்ட்னர்தான். நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு கல்யாண வீட்டில், தொழிலில் என்னோடு பாதிப் பணம் போட்டிருக்கும் திருநெல்வேலி நண்பரை “இவரு என் பங்காளி” என்று ஓர் ஆச்சியிடம் அறிமுகம் செய்தேன். ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“பங்காளியா? எந்த வீடுப்பா? போன மாசம் படைப்புக்கு உங்களைக் காணலையே?”

படைப்பு என்பது முன்னோருக்குப் பங்காளிகள் கூடிச் செய்வது. இங்கே பங்காளி என்றால் ஒரே தகப்பன் வழி. அவர்களுக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. சொத்துத் தகராறு வந்தால் முதலில் வருவதும் அவர்களே, பங்காளிக் காய்ச்சல் என்று சும்மாவா சொன்னார்கள். நண்பர் பாவம், படைப்பு என்றால் ஏதோ புத்தகம் என்று நினைத்து, “இல்லைங்க, நான் எழுதுறதெல்லாம் இல்லை” என்றார். அடுத்து ஆச்சி என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டில் சுவீகாரம் ஏதும் நடந்ததா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். விளக்கி முடிப்பதற்குள் பந்தி எழுந்துவிட்டது.

பத்திரத்தில் நாங்கள் இருவரும் ‘பங்குதாரர்’. வாயால் சொல்லும்போது ‘பார்ட்னர்’. ஆச்சி மட்டும் என்னைத் தனியாகப் பார்த்தால் விடுவதில்லை. “எங்கப்பா உன் திருநெல்வேலிப் பங்காளி?” என்கிறார்.