நினைவைப் பதிக்கும் ஏற்பிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆம்பா, என்எம்டிஏ என்று இரண்டு ஏற்பிகளைப் படிக்கிறோம். இரண்டையும் இயக்குவது குளுட்டமேட்தான் என்றால் இரண்டு எதற்கு?
*உயிர்வேதியியல் மாணவி, திருச்சி*

நியூரான்கள் (மூளையின் நரம்புச் செல்கள்) ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேதிப்பொருள் குளுட்டமேட்; அதைப் பெற்றுக்கொள்ளும் புரதங்கள்தான் இந்த ஏற்பிகள். ஆம்பா ஏற்பி செய்தியைக் கடத்துகிறது. அந்தச் செய்தி பதிய வேண்டியதா என்பதை என்எம்டிஏ பார்க்கிறது. குளுட்டமேட் வந்து ஒட்டியதும் ஆம்பா திறந்து சோடியத்தை உள்ளே விடும். சில மில்லி விநாடிகளில் மூடிக்கொள்ளும். என்எம்டிஏவின் துளையிலோ ஒரு மெக்னீசியம் அயனி அடைத்து நிற்கிறது. குளுட்டமேட் வந்தால் மட்டும் போதாது, செய்தியைப் பெறும் நியூரானும் அதே நேரத்தில் கிளர்ந்திருந்தால்தான் அந்த மெக்னீசியம் விலகும். வங்கி லாக்கருக்கு உங்கள் சாவி, வங்கியின் சாவி இரண்டும் சேர்ந்து வேண்டியிருப்பது போலத்தான் இது. (கூடவே கிளைசீன் அல்லது டி-செரீன் என்ற அமினோ அமிலமும் ஒட்டியிருக்க வேண்டும். தேர்வில் பலரும் இதை எழுதாமல் விடுகிறார்கள்.) மெக்னீசியத்தின் இந்த வேலையை 1984இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

அடைப்பு நீங்கியதும் கால்சியம் உள்ளே பாயும். அது நிறைய, வேகமாக வந்தால் காம்கைனேஸ்-2 என்ற நொதி விழித்துக்கொண்டு, நியூரான்கள் சந்திக்கும் அந்த இணைப்பில் ஆம்பா ஏற்பிகளைக் கூட்டும். அடுத்த முறை அதே குளுட்டமேட்டுக்கு இன்னும் வலுவான பதில் கிடைக்கும். கால்சியம் கொஞ்சமாக, நெடுநேரம் கசிந்தால் நடப்பது நேர்மாறு: ஆம்பா ஏற்பிகள் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டு இணைப்பு தளரும். இப்படித் தளர்வதும் கற்றலின் பகுதிதான். அதைக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே நினைவாற்றலோடு தொடர்புடையது என்று எப்படித் தெரியும்?
*பள்ளி ஆசிரியர், விருதுநகர்*

1973இல் டிம் பிளிஸ், டெரியே லோமோ இருவரும் ஓஸ்லோவில் செய்த முயல் ஆய்வு வெளியானது. நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்குள் வரும் நரம்பிழைகளை வேகமான மின்துடிப்புகளால் தூண்டியதும், அங்கிருந்த இணைப்புகள் மணிக்கணக்கில் வலுவாகவே இருந்தன. என்எம்டிஏவை ஒரு மருந்தால் தடுத்தால் இந்த வலுப்படுதல் தொடங்குவதே இல்லை என்று 1983இல் கிரஹாம் காலிங்ரிட்ஜ் குழு காட்டியது. 1986இல் ரிச்சர்ட் மோரிஸ் அதே தடுப்பு மருந்தை எலிகளின் மூளைக்குள் செலுத்தி, கலங்கிய நீர்த்தொட்டியில் நீந்தவிட்டார். நீருக்கடியில் மறைந்திருந்த மேடை எங்கே என்பதை அவை சரியாகக் கற்கவில்லை. ஏற்கெனவே கற்றிருந்த எலிகளுக்கு மருந்து கொடுத்தபோது பெரிய பாதிப்பு இல்லை என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்த முடிவு. என்எம்டிஏ பதிப்பதற்கு வேண்டும். பதிந்ததை எடுக்க அவ்வளவு வேண்டியதில்லை. பிளிஸ், காலிங்ரிட்ஜ், மோரிஸ் மூவருக்கும் 2016இல் 'மூளைப் பரிசு' கிடைத்தது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் குளுட்டாமிக் அமில மாத்திரை தரலாமா? அஜினோமோட்டோ மூளையைக் கெடுக்கும் என்கிறார்களே, அது உண்மையா?
*இல்லத்தரசி, சேலம்*

மாத்திரை வேண்டாம். குளுட்டாமிக் அமிலமும் உடலில் குளுட்டமேட்தான். சாப்பிடும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரித்துவிடுகிறது; மிச்சத்தை மூளைக்குள் எளிதில் நுழையவிடாமல் இரத்த-மூளைத் தடுப்பு காக்கிறது. தனக்கு வேண்டியதை மூளையே தயாரித்துக்கொள்ளும். குளுட்டமேட்டின் உப்பான அஜினோமோட்டோ சமையலில் சேரும் அளவில் மூளைக்குக் கேடு செய்யாது என்பதற்கும் இதேதான் காரணம். தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூட இயல்பாகவே குளுட்டமேட் இருக்கிறது.

இந்த ஏற்பிகளை அளவுமீறித் தூண்டும் நஞ்சுகள் வேறு. 1987இல் கனடாவில், டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு கலந்த சிப்பிகளைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் இறந்தனர், சிலருக்குப் புதிய நினைவுகளே பதியாமல் போயின. அந்த நஞ்சு கெய்னேட் (குளுட்டமேட்டின் இன்னொரு வகை ஏற்பி), ஆம்பா ஏற்பிகளை விடாமல் தூண்டி ஹிப்போகாம்பஸ் செல்களைக் கொன்றிருந்தது. நம் நாட்டில் கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் முக்கிய உணவாகத் தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்துப்போனதற்கும் ஆம்பாவைத் தூண்டும் நஞ்சே காரணமாகக் கருதப்படுகிறது.

அக்கா மகளுக்கு வயது 19. காய்ச்சல், தலைவலி வந்த சில நாட்களில் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினாள். தூக்கமில்லை, வாயை ஓயாமல் அசைக்கிறாள், ஒருமுறை வலிப்பும் வந்தது. காற்றுக் கருப்பு என்று உறவினர்கள் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.
*பெயர் வேண்டாம், தென்காசி*

சாமி கும்பிடுவது உங்கள் விருப்பம். ஆனால் இன்றே நரம்பியல் மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மூளைக்காய்ச்சல் தரும் வைரஸ்களையும் பார்த்தாக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குத் தோன்றுவது, உடலின் எதிர்ப்புப் புரதங்களே என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் மூளை அழற்சி. 2007இல் ஜோசப் டால்மௌ குழு இதை அடையாளம் காட்டியது. அதற்கு முன் இப்படிப்பட்ட பெண்கள் மனநோயாளிகளாகவோ பேய் பிடித்தவர்களாகவோ எண்ணப்பட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

எதிர்ப்புப் புரதம் ஒட்டியதும் ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்பட்டுக் குறைந்துபோகும். ஆனால் நியூரான் சாவதில்லை, எதிர்ப்புப் புரதம் குறைந்தால் ஏற்பிகள் திரும்பவும் மேலே வரும். அதனால்தான் இதில் நம்பிக்கை அதிகம். முதுகுத்தண்டு நீரில் இந்தப் புரதத்தைச் சோதிக்கலாம். சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுக்க வேண்டும். இருந்தால் அதை அகற்றுவதே சிகிச்சையின் முக்கியப் பகுதி. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று ஆகியவை முதலில் தரப்படும். தேற மாதங்கள் ஆகலாம். பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள், சீக்கிரம் தொடங்கினால் வாய்ப்பு இன்னும் கூடும்.

அல்சைமர் உள்ள அப்பாவுக்கு மெமன்டின் எழுதியிருக்கிறார்கள். அது என்எம்டிஏவை அடைக்கும் மருந்தாமே! நினைவு இன்னும் போய்விடாதா?
*வங்கி ஊழியர், கோவை*

உங்கள் பயம் நியாயமானது. மெமன்டின் இறுக அடைப்பதில்லை. ஓயாமல் கசியும் தூண்டலைத் தணித்து, கற்றலின்போது வரும் வலுவான துடிப்புக்கு வழிவிட்டு விலகிவிடுகிறது என்பதே இப்போதைய விளக்கம். நோய் நடுத்தர நிலையையோ முற்றிய நிலையையோ அடைந்தவர்களுக்கு ஓரளவு பலன் தருகிறது, நோயை நிறுத்துவதில்லை. அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.