பிள்ளையை என்னிடமிருந்து பறித்துவிடுவார்களா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். மகளுக்கு எட்டு வயது. கணவர் நான்கு வருடமாகக் கத்தாரில். எங்களுக்குள் பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது, விவாகரத்து எடுக்கவில்லை. நானும் என் தோழியும் துணைவர்களாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். மகள் அவளைச் 'சின்னம்மா' என்று கூப்பிடுவாள். இப்போது மாமியாருக்கு விஷயம் தெரிந்து, கோட்டுக்குப் போய்ப் பிள்ளையை எடுப்போம் என்கிறார். 'த ஃபாஸ்டர்ஸ்' தொடரில் இரண்டு தாய்மாருக்கும் பிள்ளைகள் கிடைக்கிறார்கள். 'டூ மதர்ஸ் ஃபார் சக்கரி' படத்தில் பிள்ளை அம்மம்மாவிடம் போய்விடுகிறது. இங்கே எது நடக்கும்?

பதில்: சகோதரி, நீங்கள் பார்த்த இரண்டுமே அமெரிக்கச் சட்டத்தில் நின்று எடுத்த கதைகள். 2013 முதல் 2018 வரை ஓடிய 'த ஃபாஸ்டர்ஸ்' நடப்பது கலிபோர்னியாவின் சான் டியாகோவில். அங்கே இரண்டு பெண்கள் மணம் முடிக்கலாம், இருவருமாகப் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். இலங்கையில் அந்த இரண்டும் இல்லை. அதனால் அந்தத் தொடரைப் பார்த்து நம்பிக்கை வைக்கவும் வேண்டாம், 1996இல் வந்த மற்றப் படத்தைப் பார்த்து நித்திரையைக் கெடுக்கவும் வேண்டாம்.

ஆனாலும் அந்தப் படத்துக்குப் பின்னால் உள்ள உண்மை வழக்கை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. வெர்ஜீனியாவில் 1993இல் ஒரு நீதிபதி, பெண்ணோடு வாழ்ந்த தாயிடமிருந்து மகனை எடுத்து, தாயின் தாயிடம் கொடுத்தார். அப்படி வாழ்வது அந்த மாநிலத்தில் அன்று குற்றம் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இடையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தாய் பக்கம் நின்றது. 1995இல் மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அம்மம்மாவிடமே பிள்ளையை விட்டது. தாயைச் சிறையில் போட யாரும் வரவில்லை. ஆனால் குற்றவியல் சட்டத்தில் கிடந்த ஒரு வரி, பிள்ளை வழக்கில் அவளுக்கு எதிராக வேலை செய்தது.

நம்மிடமும் அப்படி ஒரு வரி இருக்கிறது. ஒரே பாலார் உடலுறவைக் குற்றமாக்கப் பயன்படும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு 1995 திருத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கும் பொருந்தும். இரண்டு வருடம் வரை சிறை விதிக்கலாம். இதை நீக்க வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆகவே எதிர்த்தரப்புச் சத்தியக்கடதாசியில் 365அ வரும் என்று எதிர்பார்த்தே ஆயத்தமாகுங்கள்.

சரி, வந்தால் என்ன? ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே வழங்கிவரும் பழைய ரோமன்-டச்சுச் சட்டத்தில் தந்தைக்கே முதல் உரிமை. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்றால்தான் அதை மறுக்கலாம். அந்த 'ஒழுக்கம்' என்ற சொல்லைத்தான் மாமியார் தரப்புப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நம் நீதிமன்றங்கள் அந்த இடத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. தந்தையின் உரிமையைவிடப் பிள்ளையின் நலனே முதன்மை என்பதை 1999இல் பதிவான ஜெயராஜன் வழக்கிலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இலேயே ஏற்றிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளையைக் கேட்கப்போகிறவர் கத்தாரில் இருக்கிறார். அவர் வென்றால் பிள்ளைக்குத் தலை பின்னி விடுவது யார், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது யார்? அப்பம்மா. அப்படியென்றால் நீதிமன்றம் எடைபோடப்போவது தாயையும் தந்தையையும் மட்டும் அல்ல, தாயையும் அப்பம்மாவையும். எட்டு வருடம் வளர்த்த தாயிடமிருந்து, நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பிடுங்க நீதிபதிகள் லேசில் விரும்புவதில்லை. உங்கள் பலமே அதுதான். அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும்.

தொடர்களில் சட்டத்தரணி எழுந்து உருக்கமாகப் பேசுவார், நீதிபதி கண் கலங்குவார். நான் பார்த்த வழக்குகளில் பேச்சைவிட அதிகம் பேசியது கொப்பிகள்தான். ஒரு தாய் பாடசாலை வான்காரரின் காசுக் கொப்பியைக் கொண்டுவந்தார். மூலை மடிந்து, எண்ணெய் பட்ட சின்னக் கொப்பி. மூன்று வருடம், மாதா மாதம், நீலப் பேனையில் அந்தத் தாயின் கையெழுத்து. நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதற்குப் பிறகு தாய் பிள்ளையைக் கவனிப்பதில்லை என்ற வாதம் எடுபடவில்லை.

நீங்களும் அப்படிச் சேருங்கள். கிளினிக் கொப்பி, தடுப்பூசிப் பதிவு, தேர்ச்சி அறிக்கைகள், பெற்றோர் கூட்டத்தில் போட்ட கையெழுத்து, டியூஷன் காசு, கணவர் காசு அனுப்பிய அல்லது அனுப்பாத வங்கி விபரம், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டைப் பார்க்க வரலாம். பிள்ளைக்குத் தனிப் படுக்கை, படிக்க ஒரு மேசை இருந்தால் நல்லது. நீதிபதி மகளைத் தனியாகக் கூப்பிட்டும் பேசலாம். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் அது உடனே தெரிந்துவிடும், அவள் மனதுக்கும் அது பாரம்.

தகப்பனோடு பேச விடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் வைத்து வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். அப்பம்மா வந்து பார்க்கட்டும். பயத்தில் பிள்ளையை மறைப்பதும், பாடசாலையை மாற்றுவதும், சென்னைக்குப் போய்விடுவதும் உங்கள் வழக்கை நீங்களே கெடுப்பது. அவர்கள் பலவந்தமாகத் தூக்கினால் அன்றைக்கே சட்டத்தரணியிடம் போங்கள். திருகோணமலையிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்திலேயே, பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடலாம்.

உங்கள் உறவைப் பற்றி: சத்தியத்தின் கீழ் பொய் சொல்லாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற எல்லா உண்மையும் போய்விடும். ஆனால் கேட்காததை எழுதிக் கொடுக்கவும் தேவையில்லை. எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று சட்டத்தரணியோடு முன்கூட்டியே பேசுங்கள். மாமியாரோடு வாட்ஸ்அப்பில் வாக்குவாதத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

சின்னம்மாவின் நிலைதான் எனக்குக் கவலை. 1941ஆம் ஆண்டின் பிள்ளைகளைத் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டப்படி, இருவர் சேர்ந்து தத்தெடுப்பதென்றால் அவர்கள் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். அவர் தனியாக எடுத்தால் உங்கள் உரிமையே அற்றுப்போகும். அந்த எண்ணத்தை விடுங்கள். உங்களுக்கு ஏதும் நடந்தால் தந்தைதான் முன்னுக்கு நிற்பார். ஆனாலும் மரணசாசனம் எழுதுங்கள், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு. பிள்ளை யாருடைய அரவணைப்பில் இருக்க விரும்புகிறீர்கள், ஏன் என்பதையும் அதில் எழுதுங்கள். நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வாசிப்பார்கள். பாடசாலையில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவராக அவருடைய பெயரை இப்போதே கொடுத்து வையுங்கள்.

அவர்கள் வழக்குப் போடும்வரை காத்திருக்க வேண்டாம். கணவர் செலவுக்குக் கொடுக்கவில்லை என்றால் 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். விவாகரத்தும், பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கட்டுக்காப்பும் மாவட்ட நீதிமன்றத்தில். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். போகும்போது விவாகச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், அந்தக் கோப்பு, மூன்றையும் எடுத்துப் போங்கள். மகளைக் கூட்டிப் போக வேண்டாம், பாடசாலை நேரத்தில் போய் வாருங்கள்.