சென்னையிலிருந்து எரிகல் பொழிவைப் பார்க்க முடியுமா? எப்போது, எங்கே பார்க்கலாம்?

முடியும். ஆனால் ஆகஸ்டில் எல்லோரும் பேசும் பெர்சீட்ஸ் என்ற எரிகல் பொழிவை நம்பி உட்காராதீர்கள். அது வடக்கே உள்ள நாடுகளுக்கு வாய்த்தது. இங்கோ அந்த மாதத்தில் மேகம் வழிவிடுவது அரிது. சென்னைக்கென்றே அமைந்தது மே 5, 6 தேதிகளை ஒட்டி உச்சம் பெறும் ஈட்டா அக்வாரிட்ஸ்தான் என்பேன். கத்திரி வெயில் தொடங்கும் நாட்கள் அவை. புழுக்கம் தாளாமல் பலரும் எப்படியும் மொட்டை மாடியில்தான் பாய் விரித்திருப்பார்கள்.

இந்த எரிகற்கள் கும்ப ராசி மண்டலத்திலிருந்து கிளம்புவதுபோலத் தெரியும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால், விடிவதற்குள் அந்த இடம் நல்ல உயரத்துக்கு ஏறிவிடுகிறது. லண்டனில் அது சற்றே எழும்பும்போதே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். இதைவிடப் பெரிய கொடுப்பினை, அது உதிப்பது கிழக்கில். நமக்குக் கிழக்கே கடல். நகரத்தின் வெளிச்சமெல்லாம் முதுகுக்குப் பின்னால் போய்விட, எதிரே கப்பல், படகு விளக்குகள் மட்டும்தான். இவ்வளவு பெரிய ஊருக்கு இப்படி ஓர் இருட்டு கிடைத்திருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

விழுபவை ஹாலி வால்மீன் உதிர்த்துச் சென்ற துகள்கள். அந்த வால்மீன் 1986-இல் வந்து போனது. இனி 2061-இல்தான் வரும். அதைப் பார்க்க வாய்க்காதவர்களுக்கும் அதன் தூசு ஆண்டுதோறும் வந்து தலைக்கு மேலே எரிகிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது. பெரும்பாலானவை மணல் பருமன்தான். நொடிக்குச் சுமார் 66 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழைந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்துவிடுகின்றன. வேகம் அதிகம் என்பதால் சில, மறைந்த பிறகும் ஒரு கணம் ஒளித்தடத்தை விட்டுச் செல்லும். அதிகாலை ஏன் என்றால், நள்ளிரவுக்குப் பின் நாம் இருக்கும் பக்கம் பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்புகிறது. மழையில் வண்டி ஓட்டுபவரின் முகத்தில்தானே துளிகள் அதிகம் அறையும்.

மூன்று மணிக்கு எழுந்தால் நாலரை வரை பார்க்கலாம். தொடக்கத்தில் வருபவை குறைவு. ஆனால் அடிவானத்திலிருந்து நீளமாக வானத்தைக் கீறிக்கொண்டு போகும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை கைப்பேசியைத் தொடக்கூடாது. தொலைநோக்கி வேண்டாம், அது பார்வையைக் குறுக்கிவிடும். மணிக்கு 50 எரிகற்கள் என்று படிப்பது அப்பழுக்கற்ற இருட்டு வானத்துக்கான கணக்கு. நகரத்து மாடியில் ஒரு மணி நேரத்தில் நாலைந்து தென்பட்டாலே நல்ல இரவு.

திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் கிழக்கு பார்த்த மாடி இருந்தால் போதும். தெருவிளக்கைத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும்படி படுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைகளில் இரவு நேரக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். நிறையப் பார்க்க ஆசையா? ஜவ்வாது மலைக்குப் போங்கள். வைனு பாப்பு வானாய்வகம் அங்கே காவலூரில் இருப்பதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம்.

டிசம்பர் 13, 14-இல் வரும் ஜெமினிட்ஸ் இதைவிடச் செழிப்பானது, வடகிழக்குப் பருவமழை மனது வைத்தால். எதற்கும் முதலில் நாட்காட்டியில் பிறையைப் பாருங்கள்: பௌர்ணமியை ஒட்டி வந்தால் அந்த ஆண்டை விட்டுவிடலாம், அமாவாசையை ஒட்டி வந்தால் விடுப்பு எடுத்தாவது பாருங்கள்.