விசுவமடு கிணத்துக்கு விண்கலச் செல் வேணுமோ? (பதில்)

விசுவமடுவில கச்சான் தோட்டத்துக்கு ஒரு குதிரைவலு பம் ஓட்ட, ஒன்லைனில வாற, விண்கலங்களில பாவிக்கிற மூன்று சந்தி (மூன்று படை) சோலர் செல்லையும், அதில வெயிலைக் குவிக்கிற ஃபிரெனல் வில்லையையும் வாங்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். தயவுசெய்து வாங்காதேங்கோ.

செல் அருமையானதுதான். காலியம் இண்டியம் பொஸ்பைட்டு, காலியம் ஆர்சனைட்டு, ஜேர்மானியம் எண்டு மூன்று படை, ஒவ்வொண்டும் ஒளியில தன்ர பங்கைப் பிடிக்கும். விண்வெளியில 30 வீதமளவு மின்னாகும். 1998இல நாசா அனுப்பின டீப் ஸ்பேஸ் 1 விண்கலம் வில்லை வைச்ச சோலரோடதான் பறந்தது. ஆனா அங்க முகில் இல்லை. வில்லை நேர் வெயிலை மட்டும்தான் குவிக்கும். மாரியில வானம் மூடினா சாதாரண பனல் கொஞ்சமாவது தரும், இது கிட்டத்தட்ட ஒண்டும் தராது. வெயில் எறிச்சாலும் சூரியனோட திரும்பிக்கொண்டே இருக்கவேணும். சில பாகை பிசகினா ஒளிப்பொட்டு செல்லை விட்டு விலகிடும். படைகள் தொடராக இணைஞ்சது எண்டதால ஒண்டுக்கு ஒளி குறைஞ்சா முழுச் செல்லின்ர மின்னோட்டமும் குறையும். சூட்டை இறக்க அலுமினியத் தகடும் வேணும்.

450 வாட் சிலிக்கன் பனல் மூண்டும், பனலில நேரா ஓடுற டிசி (நேரோட்ட) பம்மும் போடுங்கோ. கிணத்தின்ர ஆழம், தொட்டியின்ர உயரம் ரண்டையும் எழுதுங்கோ, பம்மின்ர அளவைக் கணக்குப் பார்த்துச் சொல்றன்.